இணக்கமும் மறுப்பும்: கிருபாபாய் சத்தியநாதனின் புதினங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண் புனைகதையும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதி, முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தவர் கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894). ‘சகுணா’, ‘கமலா’ என்னும் அவருடைய இரு புதினங்களும் 1896ஆம் ஆண்டில் சாமுவேல் பவனந்தம் என்பவரால் தமிழாக்கம் பெற்றன. பி. ஆர். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ நூல்வடிவில் வெளிவந்த ஆண்டும் அதுவே. எனினும் தமிழ்ப் புதின வரலாறு பற்றிப் பேசும்போது வேதநாயகம் பிள்ளை, ராஜம் ஐயர், மாதவையா என்னும் மூவர் பெயரும் வரிசையாக நினைவுக்கு வருவதுபோல் கிருபாபாயின் பெயர் வருவதில்லை. ஆங்கிலத்தில் எழுதியவர் என்பதால் தமிழ் வரலாற்றிலும், தொடக்கக் கால எழுத்தாளர் என்பதால் இந்திய ஆங்கில இலக்கிய வரலாற்றிலும் அவர் நெடுங்காலம் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தார்.

பெண், வர்க்கம், சமூக இணக்கம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதை இவ்விரு புதினங்களின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு ஒப்பீட்டுக் களமாக அதே நூற்றாண்டின் அமெரிக்கப் பெண் புனைகதை கொள்ளப்படுகிறது. பிரெஞ்சு ஒப்பியலார் வற்புறுத்தும் நேரடித் தாக்கத்தை நிறுவுவது இங்கு நோக்கமன்று. ஒத்த சமூக நெருக்கடிகள் இரு வேறு நிலங்களில் எத்தகைய கதை முடிவுகளைத் தோற்றுவித்தன என்னும் இணைநிலை ஆய்வே மேற்கொள்ளப்படுகிறது.

அமெரிக்கப் பெண் புதினமும் இணக்க அறமும்

1850 முதல் சுமார் இருபது ஆண்டுக் காலம் அமெரிக்கப் புத்தகச் சந்தையில் பெண்கள் எழுதிய புதினங்கள் பெரும் விற்பனையைக் கண்டன. சூசன் வார்னரின் ‘தி வைட், வைட் வேர்ல்ட்’ (1850), ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ (1852), மரியா கம்மின்ஸின் ‘தி லாம்ப்லைட்டர்’ (1854) ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் வார்னர், கம்மின்ஸ் ஆகியோரின் கதைகள் ஒரு பொது அமைப்பைக் கொண்டவை. ஆதரவிழந்த சிறுமி ஒருத்தி அன்பற்ற சூழலில் வளர்கிறாள். தன் சினத்தையும் விருப்பத்தையும் அடக்கக் கற்றுக்கொள்கிறாள். அவ்வடக்கமே அவளுடைய வலிமையாகக் காட்டப்படுகிறது. இறுதியில் தகுந்த இல்லறம் அவளுக்குக் கிடைக்கிறது.

வரலாற்றறிஞர் பார்பரா வெல்ட்டர் 1966இல் வெளியிட்ட கட்டுரையில், அக்கால அமெரிக்க நடுத்தர வர்க்கம் பெண்ணிடம் எதிர்பார்த்த பண்புகளை நான்காக வகுத்தார். இறைப்பற்று, தூய்மை, பணிவு, இல்லறப் பாங்கு என்பன அவை. தமிழ் மரபு கூறும் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்பவற்றோடு இவற்றை அப்படியே பொருத்திவிட இயலாது. ஆயினும் பெண்ணின் ஒழுக்கத்தைக் கொண்டே ஒரு வகுப்பார் தம் உயர்வை அளந்துகொண்டனர் என்ற வகையில் இரண்டும் ஒரே பணியைச் செய்தன எனலாம். வயலிலோ ஆலையிலோ உழைத்த பெண்ணுக்கு இந்நான்கு பண்புகளையும் முழுமையாகக் காக்கும் வாய்ப்பே இல்லை. எனவே பண்பட்ட பெண் என்னும் இலக்கணம் தொடக்கத்திலிருந்தே வர்க்க இலக்கணமாகவும் இருந்தது.

இப்புதினங்களைப் பற்றித் திறனாய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆன் டக்ளஸ் (1977) இவற்றின் உணர்ச்சிப் பெருக்கை அமெரிக்கப் பண்பாட்டின் தளர்ச்சியாகக் கண்டார். நினா பெய்ம் (1978) இவற்றைப் பெண் தன் காலில் நிற்கக் கற்கும் கதைகளாக வாசித்தார். ஜேன் டாம்ப்கின்ஸ் (1985) உணர்ச்சியையே அரசியல் ஆற்றலாகக் கொண்ட எழுத்து இது என்று வாதிட்டார். இம்மூன்று நிலைப்பாடுகளும் ஒரே வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. பணிந்துபோகும் கதைத்தலைவி தோற்றவளா, அல்லது பணிவின் மறைவில் தனக்கென ஓரிடத்தை உருவாக்கிக்கொண்டவளா என்பதே அவ்வினா. இதே வினா ‘கமலா’வின் வாசகர் முன்னும் நிற்கிறது.

இணக்கத்தை மீறிய குரல்களும் அக்காலத்திலேயே எழுந்தன. ஃபேனி ஃபெர்ன் எழுதிய ‘ரூத் ஹால்’ (1855) புதினத்தில் கைம்பெண் ஒருத்தி எழுதிப் பொருளீட்டி உயர்கிறாள். கதை மறுமணத்தில் முடியாமல் அவள் பெற்ற வங்கிப் பங்குப் பத்திரத்தை முன்னிறுத்துகிறது. லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ (1868–69) எழுத்தாளராக விழையும் ஜோவை இல்லறத்தில் சேர்த்துவைக்கிறது. அவளைத் திருமணமின்றி நிறுத்தவே ஆல்காட் விரும்பினார் என்பதும், வாசகர் விருப்பம் அவ்வாறு விடவில்லை என்பதும் அவருடைய கடிதங்களால் அறியப்படும் செய்தி. எழுத்தாளரின் விருப்பத்துக்கும் கதையின் முடிவுக்கும் இடையே விழும் இவ்விரிசல் கிருபாபாயை வாசிப்பதற்கும் உதவும்.

அகமத்நகரிலிருந்து சென்னை வரை

கிருபாபாய் பிறந்த அகமத்நகர், அமெரிக்கன் மராத்தி மிஷனின் முதன்மையான களங்களுள் ஒன்று. அவருடைய பெற்றோர் ஹரிபந்த் கிஸ்தி, ராதாபாய் ஆகியோர் பார்ப்பனக் குலத்திலிருந்து கிறித்தவம் தழுவியவர்கள். ஆகவே நியூ இங்கிலாந்துப் புராட்டஸ்டண்டு இல்லற அறம் கிருபாபாய்க்குப் புத்தகத்தில் மட்டும் கண்ட பொருளன்று. அது அவர் பிறந்த வீட்டின் சூழலோடு கலந்திருந்தது. சூசன் வார்னரின் வாசகியரை உருவாக்கிய அதே சமயப் பண்பாட்டின் ஒரு கிளை தக்காணத்திலும் பள்ளிகளையும் பெண்களுக்கான வாசிப்பையும் வளர்த்துக்கொண்டிருந்தது.

தமையன் பாஸ்கரின் ஊக்கத்தால் கற்ற கிருபாபாய், பம்பாயில் மிஷன் பள்ளியில் பயின்றார். இங்கிலாந்து சென்று மருத்துவம் பயிலும் வாய்ப்பு உடல்நிலையைக் காரணமாகக் கொண்டு கைவிடப்பட்டது. 1875 முதல் பெண்களைச் சேர்த்துக்கொண்ட சென்னை மருத்துவக் கல்லூரியில் 1878இல் அவர் சேர்ந்தார். முதலாண்டில் சிறந்து விளங்கினார். ஆனால் அடுத்த ஆண்டே உடல்நலம் குன்றிப் படிப்பை விட நேர்ந்தது. சென்னையில் அவர் தங்கியிருந்தது டபிள்யூ. டி. சத்தியநாதன், அன்னா சத்தியநாதன் இணையரின் வீட்டில். பின்னர் அவர்களுடைய மகன் சாமுவேல் சத்தியநாதனை மணந்தார். உதகமண்டலத்தில் வாழ்ந்தபோது இசுலாமியச் சிறுமியர்க்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கி நடத்தினார். ஒரே குழந்தை இறந்தது. ‘சகுணா’ 1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்து, 1895இல் நூலாயிற்று. ‘கமலா’ 1894இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆசிரியர் காலமானார்.

இக்காலப் பகுதியில் இந்தியப் பெண்களின் நிலை அமெரிக்க வாசகரிடையேயும் பேசுபொருளாக இருந்தது. ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவ்விழாவுக்குச் சென்ற பண்டித ரமாபாய், உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றி எழுதிய நூலை 1887இல் பிலடெல்பியாவில் வெளியிட்டார். ஆனந்திபாய் அதே ஆண்டில் இருபத்தோராம் வயதில் இறந்தார். கணவனுடன் வாழ மறுத்த ருக்மாபாய் மீதான வழக்கு 1884 முதல் 1888 வரை பம்பாயை உலுக்கியது. ‘சகுணா’ தொடராக வெளிவந்த காலம் இவை அனைத்தும் நிகழ்ந்த காலமே என்பது நோக்கத்தக்கது.

சகுணா: கற்கும் பெண்ணும் தளரும் உடலும்

‘சகுணா’ தன்வரலாற்றுத் தன்மை கொண்ட புதினம். அதன் முற்பகுதி சகுணாவின் தாய் ராதாவின் கதையைச் சொல்கிறது. குழந்தை மணம், மாமியார் வீடு, கணவனின் மதமாற்றம், விருப்பமின்றிப் பின்தொடர நேர்ந்த மனைவியின் துயர் ஆகியவை அப்பகுதியில் விரிகின்றன. பிற்பகுதி சகுணாவின் கல்வியையும் அவள் தன்னை உணர்ந்துகொள்வதையும் கூறுகிறது.

இவ்வமைப்பே ஒரு வாதமாகும். ராதாவின் மதமாற்றத்தில் கணவனின் முடிவு முன்னே செல்கிறது. அவளுடைய மனம் பல நாள் பின்தங்கி வருகிறது. மனைவி என்னும் கடமைக்குப் பணிந்ததனாலேயே அவள் தன் குலத்தின் வழக்கத்தை மீற நேர்கிறது. அதாவது, இணக்கமே இங்கு மீறலாக மாறுகிறது. வார்னரின் எல்லென் மாண்ட்கோமரிக்கு இத்தகைய சிக்கல் இல்லை. அவள் பணிய வேண்டிய வீடும் திருச்சபையும் சமூகமும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ராதாவுக்கோ கணவன் ஒரு திசையையும் குலம் மறு திசையையும் காட்டுகின்றனர். எதற்குப் பணிந்தாலும் மற்றொன்றுக்குத் துரோகம் என்னும் நிலையில், பணிவு என்னும் அறமே பொருளிழந்து போகிறது. காலனியச் சூழலில் பெண் புனைகதை கண்ட தனித்த உண்மை இது. அமெரிக்கப் புதினங்களை மட்டும் கொண்டு உருவாக்கப்பட்ட கோட்பாடுகள் இதனை விளக்கப் போதுமானவையல்ல.

சகுணாவின் நிலை வேறு. அவளுக்குப் புத்தகமும் தமையனும் துணை. பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்னும் ஏளனத்தை அவள் வீட்டிலும் வெளியிலும் எதிர்கொள்கிறாள். மருத்துவம் கற்று யாருக்கும் பாரமாகாமல் வாழ விழைகிறாள். அவ்விழைவு நிறைவேறுமுன் உடல் தளர்கிறது. கதை திருமணத்தை நோக்கித் திரும்புகிறது.

மருத்துவப் பெண் என்னும் கதைமாந்தர்

பெண் மருத்துவரைத் தலைவியாகக் கொண்ட புதினங்கள் அமெரிக்காவில் 1880களில் அடுத்தடுத்து வெளிவந்தன. எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸின் ‘டாக்டர் ஸே’ (1882), சாரா ஓர்ன் ஜூவெட்டின் ‘எ கன்ட்ரி டாக்டர்’ (1884) ஆகிய இரண்டும் பெண்கள் எழுதியவை. முன்னதில் மருத்துவப் பெண், தன் தொழிலை மதித்து ஏற்பதாக உறுதி கூறும் ஆணை மணக்க இசைகிறாள். பின்னதில் நான் பிரின்ஸ் தன்னை விரும்பும் இளைஞனை மறுத்து மருத்துவத்தையே வாழ்வாகக் கொள்கிறாள். தொழிலும் இல்லறமும் என்னும் முரணுக்கு முதலாவது உடன்பாட்டையும் இரண்டாவது துறவையும் தீர்வாகத் தருகின்றன.

இவை வெளிவந்த சில ஆண்டுகளில் எழுதப்பட்ட ‘சகுணா’ மூன்றாவது வழியில் செல்கிறது. இங்கே முரணைத் தீர்ப்பது தலைவியின் முடிவன்று, அவளுடைய நோய். இதனைக் கதை உத்தி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. கிருபாபாயின் வாழ்விலும் நோய் உண்மையாகவே வந்தது. ஆயினும் அந்நோய் கதைக்குள் செய்யும் பணி தனியே நோக்கத்தக்கது. படிப்பைத் தானே கைவிட்டால் சகுணா தன் கொள்கைக்கு மாறானவள் ஆவாள். படிப்பை முடித்துத் தனித்து வாழ்ந்தால் அவளை ஏற்கும் சமூகம் அக்காலத்தில் இல்லை. நோய் இவ்விரண்டிற்கும் நடுவே வந்து, அவளுடைய விருப்பத்தைக் களங்கப்படுத்தாமல் அவளை இல்லறத்தில் சேர்க்கிறது. ஆல்காட்டின் ஜோவுக்கு வாசகர் செய்ததைச் சகுணாவுக்கு நோய் செய்தது எனலாம்.

பெண்ணின் நோயை அவளுடைய அறிவு முயற்சியோடு தொடர்புபடுத்துவது அக்கால மருத்துவத்தின் வழக்கம். சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ (1892) இவ்வழக்கத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. ஓய்வு என்னும் பெயரில் எழுதவும் தடுக்கப்பட்ட பெண் அக்கதையில் மனம் பிறழ்கிறாள். கிருபாபாயின் வாழ்க்கை இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது. மருத்துவப் படிப்பு நின்றபின் அவருக்குக் கிடைத்த ஓய்வு எழுத்தாக மாறியது. கல்லூரி மறுத்த இடத்தை இதழ் தந்தது. எனவே ‘சகுணா’வின் மண முடிவை மட்டும் கொண்டு அதனை இணக்கப் புதினம் என்று வகைப்படுத்துவது நிறைவான முடிவாகாது. கதைத்தலைவி மணத்தில் அடங்குகிறாள். அவள் கதையைச் சொல்லும் பெண்ணோ அடங்காமல் எழுதுகிறாள்.

கமலா: மறுப்பின் பொருள்

‘கமலா’ முற்றிலும் இந்துச் சமூகத்தைக் களமாகக் கொண்டது. மலைப்புறத்தில் துறவியைப் போல் வாழும் தந்தையிடம் வளர்ந்த கமலா, சிறுவயதிலேயே கணேஷுக்கு மணமுடிக்கப்படுகிறாள். மாமியார், நாத்தனார் கொடுமை, கணவனின் மனமாற்றம், அவனை ஈர்க்கும் சாய் என்னும் பெண், குழந்தையின் இறப்பு எனத் துயர் தொடர்கிறது. கணவன் இறந்தபின், அவளை முன்பே விரும்பிய மருத்துவன் ராமச்சந்தர் மறுமணம் செய்துகொள்ள அழைக்கிறான். கமலா மறுக்கிறாள். தனக்குக் கிடைத்த செல்வத்தைப் பிறர் துயர் துடைக்கப் பயன்படுத்தி வாழ்கிறாள்.

கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856இலேயே ஏற்றிருந்தது. கிறித்தவராகிய ஆசிரியர்க்கு மறுமணத்தில் சமயத் தடை எதுவும் இல்லை. அவ்வாறிருந்தும் கமலாவை மறுக்கவைத்தது ஏன் என்பது இப்புதினத்தின் மைய வினா. மரபின் சங்கிலி அவளை விடவில்லை என்பது கதைசொல்லியின் போக்கில் கிடைக்கும் விடை. இவ்விடையை ஏற்றால் கமலா தோற்றவள். ஆனால் கதையின் நிகழ்வுகள் வேறொரு விடைக்கும் இடந்தருகின்றன. பிறந்தது முதல் கமலாவின் இடத்தைத் தந்தையும் மாமியாரும் கணவனும் முடிவு செய்தனர். மறுப்பே அவள் தன் வாழ்வைக் குறித்துத் தானே எடுத்த பெரிய முடிவு. மரபு தந்த சொல்லையே கையாண்டு, மரபு தராத ஒன்றை, அதாவது ஆடவர் எவருக்கும் கட்டுப்படாத வாழ்வையும் பொருளுரிமையையும் அவள் பெறுகிறாள். ‘ரூத் ஹால்’ புதினத்தின் இறுதியில் வங்கிப் பங்கு பெறும் இடத்தைக் கமலாவின் செல்வமும் அறப்பணியும் பெறுகின்றன.

இவ்விரு விடைகளுள் ஒன்றை மட்டும் கொள்வது புதினத்தைக் குறுக்குவதாகும். தலைவியின் தன்னுரிமையும் மரபின் பிடியும் ஒரே செயலில் வெளிப்படுவதே ‘கமலா’வின் துயரமும் ஆற்றலும் ஆகும்.

ஆண் எழுத்தில் கைம்பெண்

இவ்விடத்தில் அ. மாதவையாவின் ‘முத்துமீனாக்ஷி’ (1903) ஒப்பிடத்தக்கது. ‘விவேக சிந்தாமணி’யில் 1892இல் தொடங்கி நின்றுபோன ‘சாவித்திரி சரித்திர’த்தின் மறுவடிவம் இது. பெண்ணே தன் கதையைச் சொல்வதாக அமைந்த இப்புதினத்தில் இளம் கைம்பெண் மறுமணம் செய்துகொள்கிறாள். ஆண் எழுத்தாளர் மறுமணத்தை நிகழ்த்துகிறார். பெண் எழுத்தாளர் அதனைத் தவிர்க்கிறார். மேலோட்டமாக நோக்கின் மாதவையா முற்போக்கானவராகவும் கிருபாபாய் பிற்போக்கானவராகவும் தோன்றக்கூடும்.

ஆனால் இரு புதினங்களும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தேடுகின்றன. கைம்பெண்ணைச் சமூகம் என்ன செய்ய வேண்டும் என்பது சீர்திருத்தப் புதினத்தின் வினா. அதற்கு மறுமணம் தக்க விடை. கைம்பெண் தன்னை என்ன செய்துகொள்ளக் கூடும் என்பது கிருபாபாயின் வினா. அதற்கு மறுமணம் பல விடைகளுள் ஒன்று மட்டுமே. நல்ல கணவன் கிடைத்தால் பெண்ணின் துன்பம் தீரும் என்னும் நம்பிக்கை மாதவையாவின் முடிவில் உண்டு. அந்நம்பிக்கையைக் ‘கமலா’ பகிர்ந்துகொள்ளவில்லை. மாதவையாவின் சீர்திருத்தப் பங்களிப்பை இது குறைப்பதன்று. சீர்திருத்த எழுத்தின் எல்லை எது என்பதைத் தெளிவாக்குகிறது.

வர்க்கமும் சாதியும்

பெண்ணுரிமை நோக்கில் ஆற்றல் மிக்க இப்புதினங்கள் வர்க்கம், சாதி ஆகியவற்றின் முன் தயங்கி நிற்கின்றன. ‘சகுணா’வில் ஐரோப்பிய மிஷன் பெண்கள் காட்டும் உயர்வு மனப்பான்மை கடுமையாக விமர்சிக்கப்படுகிறது. சமயத்தில் உடன்பிறப்பு என்றும் நடைமுறையில் தாழ்ந்தவர் என்றும் கருதப்படும் இழிவைச் சகுணா பொறுப்பதில்லை. இவ்வெதிர்ப்பு நியாயமானது. எனினும் அதனுள் இரு இழைகள் பின்னியுள்ளன. இந்தியரைத் தாழ்த்தும் இனப் பாகுபாட்டுக்கு எதிரான சினம் ஒன்று. குலத்தாலும் கல்வியாலும் உயர்ந்த தன்னை எளிய கிறித்தவரோடு ஒருசேர எண்ணியதற்கான மனக்குறை மற்றொன்று. முதல் இழை அவளை விடுதலையின் பக்கமும் இரண்டாவது இழை அவள் வெறுப்பதாகக் கூறும் படிநிலையின் பக்கமும் இழுக்கின்றன.

‘கமலா’விலும் இது வேறு வடிவில் தென்படுகிறது. கமலாவின் மேன்மை அவளுடைய அடக்கத்தாலும் நுண்ணுணர்வாலும் காட்டப்படுகிறது. சாய் தன் விருப்பப்படி வாழ்பவள்; ஆடவரை ஆட்டிவைக்கும் அறிவும் செல்வாக்கும் உடையவள். அக்கதையில் எவர்க்கும் அடங்காத பெண் அவளே. ஆனால் அவளுடைய சுதந்திரம் ஒழுக்கக் குறைவாகவே தீட்டப்படுகிறது. குடும்பப் பெண்ணின் விடுதலையைப் பேச, குடும்பத்துக்கு வெளியே நிற்கும் பெண்ணைப் பழிக்க வேண்டிய தேவை புதினத்துக்கு நேர்கிறது. இந்தியச் சீர்திருத்த எழுத்தில் இப்போக்கு நெடுங்காலம் நீடித்தது. கதையின் நடுவே அத்தகைய பெண்ணை வைத்து, அவளை ஒடுக்கும் முறையையே குற்றஞ்சாட்டிய தமிழ்ப் புதினத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’ (1936) வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்கப் பெண் புனைகதையிலும் இதே எல்லை உண்டு. ‘லிட்டில் விமன்’ காட்டும் மார்ச் குடும்பம் வறுமையைப் பற்றிப் பேசினாலும் அவ்வீட்டில் ஹன்னா என்னும் பணிப்பெண் இருக்கிறாள். சகோதரியர் நால்வரின் மனமும் விரிவாகத் திறக்கப்படும் புதினத்தில் ஹன்னாவின் மனத்துக்கு இடமில்லை. அவ்விடத்திலிருந்து எழுந்த குரல் ஹேரியட் வில்சனின் ‘அவர் நிக்’ (1859). வடபகுதி வெள்ளையர் வீடொன்றில் கட்டுண்டு உழைக்கும் கறுப்பினச் சிறுமி ஃபிராடோவின் கதை அது. அவ்வீட்டுத் தலைவியின் கொடுமையே அதில் மையம். வார்னரும் ஸ்டோவும் புனிதமாக்கிய இல்லத்தலைவியை வில்சன் வேலைக்காரியின் கண்ணால் காட்டினார். அப்புதினம் 1983இல் மறுபதிப்புக் காணும்வரை பெரிதும் மறக்கப்பட்டிருந்தது. ஃபெல்ப்ஸின் ‘தி சைலண்ட் பார்ட்னர்’ (1871) ஆலை உரிமையாளரின் மகளையும் ஆலைத் தொழிலாளியாகிய பெண்ணையும் அருகருகே நிறுத்தி, இருவரும் மணத்தை மறுப்பதாக அமைத்தது. சகுணாவின் வீட்டுப் பணியாளர் எவரும் தம் கதையைச் சொல்லும் புதினம் அந்நூற்றாண்டில் இங்கே எழுதப்படவில்லை. எழுதும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை என்பதே காரணம்.

மொழியும் வாசகரும்

வர்க்க எல்லை கதைமாந்தரிடம் மட்டுமன்றி மொழியிலும் செயற்பட்டது. ‘சகுணா’வின் ஆங்கிலம் கல்லூரி இதழ் வாசகரையும் ஐரோப்பியரையும் நோக்கியது. 1896ஆம் ஆண்டுத் தமிழாக்கம் ஆங்கிலம் அறியாத வாசகரிடம், குறிப்பாக மகளிரிடம், அக்கதையைக் கொண்டுசெல்லும் வாயிலாக அமைந்தது. மராத்தி வீட்டின் வாழ்வு ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்தது என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றில் தனித்த நிகழ்வு.

இவ்விரு மொழி நிலையின் நீட்சியைப் பெங்களூரின் பழைய கண்டோன்மெண்ட் பகுதியில் காணலாம். 1947 வரை பிரித்தானியரின் நேரடி நிர்வாகத்தில் இருந்த சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷனில் படையோடும் பணியோடும் வணிகத்தோடும் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறினர். அதன் விரிவாக அமைந்த ரிச்சர்ட்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் முதலிய குடியிருப்புகள் திருச்சபைகளும் ஆங்கிலவழிப் பள்ளிகளும் சூழ வளர்ந்தன. முன்கூடத்தில் ஆங்கிலமும் சமையலறையிலும் தெருவிலும் தமிழும் வழங்கிய வீட்டமைப்பு இப்பகுதிகளுக்கு அயலானதன்று. பங்களாவும் அதன் பின்புறத்துப் பணியாளர் குடியிருப்பும் ஒரே மதிலுக்குள் இருந்தன. ‘சகுணா’வின் சமூகம் எது என்பதை விளங்கிக்கொள்ள இத்தகைய குடியிருப்புகளின் அமைப்பு துணைபுரியும். முன்கூடத்துப் பெண் தன் உரிமையைப் பேசிய மொழி பின்கட்டுப் பெண்ணுக்கு எட்டவில்லை. எட்டவைத்திருக்கக் கூடிய தமிழ் ‘சகுணா’வோ வாசிப்பிலிருந்து மறைந்தது. ‘லிட்டில் விமன்’ ஆங்கிலவழிப் பள்ளி மாணவியர் அறிந்த பெயராக நிலைத்தது. தங்கள் அண்டை மாநிலத்தில், தங்கள் மொழியிலும் வெளிவந்த பெண் கதை அவ்வாறு நிலைக்கவில்லை.

மூலத்தின் மறுவருகை ஆங்கிலத்தில் மட்டுமே நிகழ்ந்தது. சூசி தாரு, கே. லலிதா ஆகியோரின் இந்தியப் பெண்ணெழுத்துத் தொகை (1991) கிருபாபாயைக் கவனத்துக்குக் கொணர்ந்தது. சாந்தனி லொக்குகே 1998இல் இரு புதினங்களையும் பதிப்பித்தார். அதே ஆண்டில் கௌரி விஸ்வநாதன் மதமாற்றம் பற்றிய தம் நூலில் இவ்வெழுத்தை ஆராய்ந்தார். யூனிஸ் டி சூசா 2005இல் சத்தியநாதன் குடும்பத்தாரின் எழுத்துகளைத் தொகுத்தார். இவ்வாய்வுகள் பெரும்பாலும் ஆங்கில மூலத்தையே சார்ந்து நிற்கின்றன. தமிழாக்கம் மூலத்திலிருந்து எங்கெங்கு விலகியது, சகுணாவின் சினத்தைத் தமிழ் நடை எவ்வாறு தாங்கியது, உறவுமுறைச் சொற்கள் எவ்வாறு இடம்பெயர்ந்தன என்பன தமிழ்த் துறைகள் மேற்கொள்ள வேண்டிய ஆய்வுகள்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. அமெரிக்கப் பெண் புனைகதையில் இணக்கம் ஒரே சமூகத்துக்குரிய ஒழுங்காக இருந்தது. கிருபாபாயின் புதினங்களில் குலம், திருச்சபை, ஆட்சியாளர் பண்பாடு என ஒன்றோடொன்று முரண்பட்ட ஒழுங்குகள் பெண்ணிடம் ஒரே வேளையில் பணிவைக் கோருகின்றன. அம்முரணே அவருடைய தலைவியர்க்குச் சிந்திக்கும் இடைவெளியைத் தருகிறது. சகுணாவின் நோயும் கமலாவின் மறுப்பும் தோல்வி என்றோ வெற்றி என்றோ ஒரு சொல்லில் அடங்குவன அல்ல. அவை இணக்கத்தின் வடிவிலேயே மறுப்பைப் பேணிய வழிகள். அதேவேளையில் பால் அடிப்படையிலான ஒடுக்குமுறையைக் கண்ட கண்கள் சாதியையும் வர்க்கத்தையும் முழுமையாகக் காணவில்லை. இக்குறை அவருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க எழுத்தாளர் பலருக்கும் பொதுவானது. ஆனால் அங்கு வில்சன் போன்றோரின் மாற்றுக் குரல் மீட்டெடுக்கப்பட்டுப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது.

தமிழ்ப் புதின வரலாறு மூல நூல்களின் வரிசையாக மட்டும் எழுதப்படும்வரை அதன் முதற்பகுதி ஆடவர் பெயர்களால் மட்டுமே நிரம்பியிருக்கும். மொழிபெயர்ப்பையும் வாசிப்பின் வரலாறாகக் கொண்டால், 1896ஆம் ஆண்டு ‘கமலாம்பாள் சரித்திர’த்தின் ஆண்டாக மட்டுமன்றிச் ‘சகுணா’, ‘கமலா’ ஆகியவற்றின் ஆண்டாகவும் அமையும். அவ்விரு தமிழ் நூல்களையும் மூலத்தோடு ஒப்பிட்டு ஆய்வுப் பதிப்பாக வெளியிடுவது தமிழ்த் துறைகளின் உடனடிக் கடமையாகும்.